ஒரே ஆள், பல பேர்: கொங்குத் தமிழில் பல வேட நகைச்சுவைத் தொடர் எடுக்கும் முறை

கோபிச்செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நான் முதன்முதலாக எடுத்த பல வேட வீடியோவை, அடுப்படியில் வேலையாக இருந்த அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஐந்து பாத்திரங்கள், ஐந்து டோப்பா, இரண்டு ஒட்டு மீசை, ஒரு வெள்ளெழுத்துக் கண்ணாடி என்று வாடகைச் சாமான்களுக்கே நல்ல செலவாகியிருந்தது. கடைசிவரை பொறுமையாகப் பார்த்த அத்தை, "அஞ்சு பேரும் நீயேதான் கண்ணு, மசுருதான் மாறுது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிட்டார். அந்த ஒரு வரி விமர்சனத்துக்குப் பிறகு நான் டோப்பா வாடகைக்கு எடுப்பதை நிறுத்திவிட்டு, இந்த வகை நகைச்சுவையில் தேர்ந்த ஒரு பிரிட்டிஷ் தொடரைத் திரும்பத் திரும்பப் பார்த்து, அதில் ஒரே நடிகை பத்துப் பன்னிரண்டு பேராக எப்படி மாறுகிறார் என்பதைக் குறித்துவைக்கத் தொடங்கினேன். அந்தக் குறிப்புகளை நம் ஊர்ப் பேச்சுக்கு ஏற்ப மாற்றிக்கொண்ட விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். கைப்பேசியில் குறும்படம் எடுப்பவருக்கும், பள்ளி ஆண்டு விழாவிலோ கோயில் நோம்பியிலோ மேடையேறுபவருக்கும் இது பயன்படும்.

பார்க்க வேண்டிய தொடர் "தி கேத்தரின் டேட் ஷோ". பிபிசி டூ அலைவரிசையில் 2004, 2005, 2006 ஆகிய ஆண்டுகளில் மூன்று பருவங்களாக வந்தது. லண்டனில் 1969இல் பிறந்து, அங்குள்ள சென்ட்ரல் ஸ்கூல் ஆஃப் ஸ்பீச் அண்ட் டிராமாவில் பயிற்சி பெற்ற கேத்தரின் டேட், பள்ளிக்கூடத்துச் சிறுமியாகவும் வாய் கூசாமல் வையும் கிழவியாகவும் சிறு சத்தத்துக்கும் வீடு அதிர அலறும் பெண்ணாகவும் எந்த வேலையைச் சொன்னாலும் எனக்குத் தெரியும் என்று முன்னால் வந்து நின்று மானத்தை வாங்கிக்கொள்ளும் அலுவலக ஊழியராகவும் அதில் நடித்தார். எல்லாமே துண்டு துண்டான காட்சிகள். ஒவ்வொன்றும் சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும்.

இதைச் சிரிப்பதற்காக ஒரு முறை பார்த்துவிடுங்கள். இரண்டாவது முறை ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும் கேளுங்கள். ஒலியில்லாமல் பார்க்கும்போது உடம்பு எங்கே மாறுகிறது என்பது தெரியும்: சிறுமிக்குத் தாடை முன்னால் வருகிறது, கிழவிக்கு உடம்பின் பாரம் முழுவதும் நாற்காலிக்குள் இறங்கிவிடுகிறது. ஆனால் உண்மையான பாடம் மூன்றாவது முறையில்தான் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டாலும் பேசுவது யார் என்பதில் ஒரு நொடிகூடக் குழப்பம் வராது. என் திண்ணை வீடியோவை இதே போலக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப்பார்த்தேன். ஐந்து பேரும் ஒரே குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பாத்திரம் நாக்கில் பிறக்கிறது

அந்தத் தொடரில் பெரும்புகழ் பெற்ற பாத்திரம் லாரன் கூப்பர் என்ற பள்ளி மாணவி. யாராவது தன்னைக் குறைத்துப் பேசிவிட்டால், "ஆம் ஐ பாவர்ட்?" என்று கேட்பாள். "எனக்கென்ன கவலையா?" என்பதுதான் பொருள். முறையான ஆங்கிலத்தில் "பாதர்ட்" என்று ஒலிக்க வேண்டிய சொல்லை, லண்டன் தெருக்களில் வளரும் பிள்ளைகள் பேசுவதைப்போல அவள் "பாவர்ட்" என்கிறாள். ஒரே ஒரு மெய்யெழுத்தை மாற்றியதில் அவளுடைய வயது, தெரு, பள்ளிக்கூடம், திமிர் எல்லாம் வெளியே வந்துவிடுகின்றன. 2006ஆம் ஆண்டின் சொல்லாக ஆக்ஸ்ஃபோர்டு அகராதியினர் அந்தத் திரிந்த வடிவத்தையே தேர்ந்தெடுத்தார்கள்.

லண்டன்காரர்களுக்கு அந்த ஒரு மெய்யெழுத்து என்றால், கொங்குநாட்டில் நமக்கு "ங்க" இருக்கிறது. பாத்திரத்தை உருவாக்க உட்காரும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது, இவர் யாருக்கு "ங்க" போடுவார், யாருக்குப் போடமாட்டார், எந்த நேரத்தில் அது தவறிப்போகும் என்பதைத்தான். உடை, மீசை, நடை எல்லாம் அதற்குப் பிறகுதான். திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஒன்றின் சூப்பர்வைசரை எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கு அனுப்பும் தேதி தாண்டிவிட்டது, ஆர்டர் கொடுத்தவர் போனில் இருக்கிறார்.

"ஆமாங் சார். இல்லீங் சார். பேக்கிங்ல இருக்குதுங் சார். பொழுதோட வண்டி ஏறிருங் சார்."

போனைக் கையால் பொத்திக்கொண்டு டைலரைப் பார்த்து, "ஏண்டா, இன்னும் காலரே ஏத்துலியா?"

மறுபடியும் போனில், "ஒண்ணுமில்லீங் சார், வண்டிக்காரருகிட்டப் பேசீட்டு இருந்தனுங்."

இந்தக் காட்சியில் நகைச்சுவை வசனத்தில் கிடையாது. "ங்" இருப்பதற்கும் இல்லாமற்போவதற்கும் நடுவில், உள்ளங்கை போனை மூடுகிற அந்தக் கணத்தில் இருக்கிறது. இதையே நான்கு முறை அடுத்தடுத்துச் செய்தால் பார்ப்பவர்கள் சலித்துப்போவார்கள். மூன்றாம் முறையில் கையால் பொத்த மறந்து, ஆர்டர் கொடுத்தவரையே "ஏண்டா" என்று கூப்பிட்டுவிட வேண்டும். அங்கேயே காட்சியை முடித்துவிடுங்கள்; அவர் மன்னிப்புக் கேட்பதைக் காட்டத் தேவையில்லை.

ஓர் எச்சரிக்கை. திரையில் கொங்குத் தமிழ் பேச வருகிறவர்களில் பலர் ஒவ்வொரு சொல்லுக்கும் "ங்க" ஒட்டிவிடுகிறார்கள். "நான் வந்துங்க, சந்தைக்குங்க, போயிங்க" என்று நம்மூரில் யாரும் பேசுவதில்லை. அது பெரும்பாலும் வினையின் முடிவிலும் கேள்வியின் முடிவிலும் விளியிலும் வரும். விரைவாகப் பேசும்போது "ங்" என்று தேய்ந்துவிடும். அதே போல, "நெம்ப" (ரொம்ப), "ஒறம்பரை" (விருந்தாளி), "சோலி" (வேலை), "இட்டாரி" (தோட்டத்து வேலிகளுக்கு நடுவே போகும் பாதை) போன்ற சொற்களை ஒரே வாக்கியத்தில் திணித்தால் அது அகராதியைப் படிப்பதுபோல இருக்கும். ஒரு பாத்திரத்துக்கு இப்படிப்பட்ட இரண்டு மூன்று சொற்கள் போதும். மற்றொரு பாத்திரத்துக்கு அந்தச் சொற்களையே தரக்கூடாது. அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, "ஒறம்பரை" என்றால், கோயமுத்தூரில் ஐடி வேலை பார்க்கும் பேத்தி "கெஸ்ட்" என்றுதான் சொல்ல வேண்டும்.

விடமுடியாத ஒரு பழக்கம்

பேச்சு அமைந்த பிறகு, அந்த ஆளால் எதை விடமுடியாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேத்தரின் டேட் தொடரில் கேட் என்றொரு அலுவலகப் பெண் வருவார். பக்கத்து மேசையில் இருக்கும் எல்லனிடம் எதையாவது ஊகிக்கச் சொல்லி வற்புறுத்துவார். எல்லன் தயங்கித் தயங்கி ஒரு விடை சொன்னதும், அது தவறாக இருந்தால் கேட்டின் முகம் மாறி வசவு தொடங்கிவிடும். இந்தப் பெண்ணைப் பார்த்ததும் எனக்கு நம்மூர்க் கல்யாண மண்டபம்தான் நினைவுக்கு வந்தது. "இந்தச் சேலை என்ன வெலையிருக்கும்னு சொல்லுங்க பாக்கலாம்" என்று கேட்காத பெரியம்மா எந்த ஊரில் இருக்கிறார்? எட்டாயிரம் என்று சொன்னால், "ஏனுங், என்னையப் பாத்தா எட்டாயிரத்துக்குக் கட்டறவளாட்டத் தெரியுதுங்களா?" என்பார். இருபதாயிரம் என்று சொன்னால், மூவாயிரத்துக்கு வாங்கியதைச் சொல்லமுடியாமல் அவர் வாயடைத்துப்போவார். எப்படிச் சொன்னாலும் மாட்டிக்கொள்வது பக்கத்து நாற்காலிக்காரர்தான். ஆங்கிலப் பாத்திரத்தை அப்படியே மொழிபெயர்த்திருந்தால் இது கிடைத்திருக்காது. அந்தப் பாத்திரத்தின் எலும்பை மட்டும் எடுத்துக்கொண்டு, சதையை நம் மண்டபத்தில் தேடினால்தான் கிடைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த என் பாத்திரம் ஒரு மாட்டுத் தரகர். பொள்ளாச்சி, கண்ணபுரம் போன்ற மாட்டுச் சந்தைகளில் வாங்குகிறவர் கையையும் விற்கிறவர் கையையும் துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கம் உண்டு. சுற்றி நிற்பவருக்கு விலை தெரியாது. என் தரகரால் அந்த வழக்கத்தைச் சந்தையோடு விட்டுவர முடியவில்லை. மகள் பள்ளிக் கட்டணம் எவ்வளவு என்று சொல்ல வாயெடுத்தால், தோளிலிருந்து துண்டை எடுத்து அவள் கையின்மேல் போட்டுவிடுவார். பஸ்ஸில் கண்டக்டர் சீட்டுக்குப் பணம் கேட்டாலும் துண்டு விழும். ஒருமுறை துண்டு விழுந்த பிறகு அவர் முகத்தில் ஒரு சொல்லும் வராது. புருவம் மட்டும் ஏறி இறங்கும், "ம்ஹும்" என்று தலை ஆடும், எதிரில் இருப்பவர் விரலை விடுவிக்கப் படாத பாடு படுவார். இந்தப் பாத்திரத்துக்கு டோப்பா தேவைப்படவில்லை. ஒரு துண்டு போதுமானதாக இருந்தது.

துண்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேடையில் நடிக்கிறவர்களுக்கு இதைவிடச் சிக்கனமான வேடம் கிடையாது. தோளில் மடித்துப் போட்டால் பெரிய பண்ணயக்காரர், தலையில் உருமாலாகக் கட்டினால் வெயிலில் வேலை செய்கிறவர், இடுப்பில் சுற்றினால் பெரியவர் முன்னால் பணிந்து நிற்பவர், இரு கையாலும் முறுக்கிக்கொண்டே இருந்தால் கடன் கேட்க வந்தவர். வெள்ளை வேட்டியும் சட்டையும் அப்படியே இருக்க, இந்த நான்கு பேரையும் பார்வையாளர் கண்முன்னாலேயே மாற்றிக் காட்டலாம். திரைக்குப் பின்னால் போய் உடை மாற்றும் வழக்கம் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் மேடை காலியாகக் கிடக்கும். நோம்பிக் கூட்டம் அதற்குள் பஞ்சுமிட்டாய்க் கடைக்குப் போய்விடும்.

எதிரில் நிற்பவர்

பல வேடக்காரர்கள் செய்யும் பெரிய தவறு, எல்லா வேடத்தையும் தாமே போடுவது. கேத்தரின் டேட் அப்படிச் செய்யவில்லை. "நேன்" என்று அழைக்கப்படும் கிழவி ஜோனி டெய்லரைப் பார்க்க, ஜேமி என்ற பேரன் வருவான். மேத்யூ ஹார்ன் அந்த வேடத்தில் நடித்தார். கிழவி வந்தவர்களிடம் தேனொழுகப் பேசுவார். அவர்கள் வாசலைத் தாண்டியதும் வாயில் வராத வசவு இல்லை. சிரிப்பு வெடிப்பதற்குக் காரணம், அந்த வசவைக் கேட்டு நெளிகிற பேரனின் முகம். பைத்தியக்காரத்தனத்தை அளப்பதற்கு ஒரு நேரான கோல் வேண்டும். அந்தக் கோல் சற்றும் சிரிக்கக்கூடாது. எனவே உங்களைவிட அமைதியான ஒருவரைத் தேடிப்பிடியுங்கள். என் வீடியோக்களில் அந்த வேலையை அக்கா மகன் செய்கிறான். அவனுக்கு நடிப்பு வராது. அதுதான் அவனுடைய தகுதி.

யாருமே கிடைக்காவிட்டால், பழைய வழி ஒன்று இருக்கிறது. டிக் எமரி என்ற நகைச்சுவை நடிகர் 1963 முதல் 1981 வரை பிபிசியில் நடத்திய நிகழ்ச்சியில், தெருவில் ஒலிவாங்கியோடு நிற்கும் ஒருவர் போகிறவர் வருகிறவரை நிறுத்திக் கேள்வி கேட்பார். நிறுத்தப்படும் ஒவ்வொருவரும் டிக் எமரியே. கோணல் பல் பாதிரியார், கிழப் போர்வீரர், மேண்டி என்ற மினுக்குப் பெண் என்று ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். மேண்டி சாதாரணக் கேள்வியிலும் இரட்டைப் பொருளைக் கண்டுபிடித்து, கேட்டவரை ஓர் இடி இடித்துவிட்டு, குதிகால் செருப்புத் தடுமாற நடந்துபோவாள். இந்த ஏற்பாட்டில் கேள்வி கேட்பவரின் குரல் மட்டும் இருந்தால்கூடப் போதும். "இந்த வருசம் மழை எப்படிங்க?" என்ற ஒரே கேள்வியைக் கோயமுத்தூர் டவுன்ஹால் நடைபாதையில் ஆறு பேரிடம் கேளுங்கள். ஆறு பேரும் நீங்களாக இருங்கள். ஆறு பேரும் மழையைப் பற்றிப் பேசக்கூடாது. தரகர் மாட்டு விலைக்கும், சேலைக்காரப் பெரியம்மா கல்யாணத்துக்கும், சூப்பர்வைசர் சாயப்பட்டறைக்கும் பேச்சை இழுத்துக்கொண்டு போக வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைவிட எளிதான சட்டகம் எனக்குத் தெரிந்து இல்லை.

படம் பிடிக்கும்போது

நாள் முழுவதும் ஒரே பாத்திரத்தை எடுங்கள். காட்சி வரிசைப்படி எடுக்காதீர்கள். அமுச்சிக்கு நெற்றியில் திருநீறு பூசிவிட்டால், அமுச்சி வருகிற எல்லாக் காட்சிகளையும் அன்றைக்கே முடித்துவிட வேண்டும். எதிர்ப்பாத்திரமும் நீங்களே என்றால், அதன் வசனத்தைக் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் வாசிக்க வேண்டும். வெறும் சுவரைப் பார்த்துப் பேசினால் கண் அலைபாயும். எதிரில் நிற்பவரின் கண் இருக்கும் உயரத்தில் சுவரில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவைத்து அதையே பாருங்கள். இருவரையும் ஒரே ஃபிரேமுக்குள் கொண்டுவர விரும்பினால், கைப்பேசியை முக்காலியில் அசையாமல் பொருத்தி, திரையை அழுத்திப் பிடித்து ஒளியையும் குவியத்தையும் பூட்டிவிட்டு, முதலில் இடப்பக்கம் இருந்தும் பிறகு வலப்பக்கம் இருந்தும் நடித்து, இரண்டையும் நடுவில் வெட்டி ஒட்டலாம். கையோ நிழலோ நடுக்கோட்டைத் தாண்டக்கூடாது. இரண்டு பதிவுக்கும் நடுவில் அதிக நேரம் விட்டால் வெயில் நகர்ந்து, ஒரே திண்ணையில் ஒருவர் காலையிலும் மற்றவர் மாலையிலும் உட்கார்ந்திருப்பார்கள். சோமனூர், பல்லடம் பக்கம் இருப்பவர்கள் தறி ஓடும் சத்தத்தை மட்டும் தனியாக ஒரு நிமிடம் பதிந்து வைத்துக்கொண்டால், வெட்டி ஒட்டிய இடங்களில் அடியில் ஓடவிட்டு மறைத்துவிடலாம்.

யாரை வைத்துச் சிரிப்பது

என் இரண்டாவது வீடியோவில் வந்த கஞ்சப் பண்ணயக்காரரைப் பார்த்துவிட்டு, உறவுக்காரர் ஒருவர் எட்டு மாதம் எங்கள் வீட்டுப் படியேறவில்லை. அவர் காப்பியை ஆற்றும் விதம், அவர் செருமல், அவர் ஸ்கூட்டரின் நிறம் எல்லாவற்றையும் நான் அப்படியே எடுத்து வைத்திருந்தேன், தவறு என்னுடையதுதான். அதற்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: ஒரு பாத்திரத்துக்கு நடையை ஒருவரிடமிருந்தும், பேச்சை வேறோர் ஊர்க்காரரிடமிருந்தும், பழக்கத்தை மூன்றாமவரிடமிருந்தும் எடுக்கிறேன். மூவரும் ஒருவரையொருவர் அறியாதவராக இருப்பது நல்லது. சத்தியமங்கலம் பஸ்ஸில் கேட்ட பேச்சு, மஞ்சள் மண்டியில் பார்த்த நடை, வங்கி வரிசையில் கண்ட பழக்கம் என்று சேர்த்தால், யாரும் தன்னைத்தான் சொல்கிறான் என்று சண்டைக்கு வரமாட்டார்.

சாதிப் பெயர், தோல் நிறம், உடற்குறை இவற்றை வேடமாக்க வேண்டாம். பிரிட்டனிலேயே, மாட் லூக்காஸும் டேவிட் வாலியம்ஸும் பல வேடங்களில் நடித்த "லிட்டில் பிரிட்டன்" தொடர், வெள்ளையரான அவர்கள் கறுத்த நிறம் பூசி நடித்த காட்சிகள்மீது கண்டனம் எழுந்த சமயத்தில், 2020 ஜூனில் பிபிசியின் இணையச் சேவையிலிருந்து எடுக்கப்பட்டது. ஆண்கள் பெண் வேடம் போடும்போதும் கவனம் வேண்டும். சேலை கட்டியிருப்பதே நகைச்சுவை என்று நினைத்தால் முதல் நிமிடத்தோடு சிரிப்பு தீர்ந்துவிடும். என் அமுச்சி எப்படி நடக்கிறார் என்பதைவிட, பால்காரர் தண்ணீர் கலப்பதைக் கையும் களவுமாகப் பிடிக்க அவர் என்னென்ன திட்டம் போடுகிறார் என்பதைத்தான் மக்கள் கேட்கிறார்கள்.

ஒரு பாத்திரம் பிடித்துப்போனால் மக்கள் அதையே மறுபடி கேட்பார்கள். அப்போது பாத்திரத்தை மாற்றாமல் இடத்தை மாற்றுங்கள். லாரன் கூப்பர் 2005இல் ராயல் வெரைட்டி நிகழ்ச்சியில் எலிசபெத் அரசியின் முன்னிலையிலேயே தன் வாயை அடக்காமல் பேசினாள்; 2007இல் காமிக் ரிலீஃப் நன்கொடை நிகழ்ச்சிக்காக எடுத்த காட்சியில், அப்போது பிரதமராக இருந்த டோனி பிளேரே அவளிடம் அவளுடைய வசனத்தைத் திருப்பிச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் செய்ததையே பிரதமர் வீட்டிலும் செய்கிறாள் என்பதுதான் வேடிக்கை. என் தரகரும் சந்தையிலிருந்து வங்கி மேலாளரிடம் போனார். அடுத்ததாக மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போகிறார். மாப்பிள்ளை வீட்டார் நகை பற்றிப் பேச்செடுத்ததும் என்ன விழும் என்பது பார்ப்பவருக்கு முன்பே தெரியும். அந்தக் காத்திருப்பை முடிந்தவரை நீட்டுங்கள். துண்டைத் தோளிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி தோளிலேயே போடச் செய்யுங்கள்.

வெளியிடுவதற்கு முன்னால் கடைசிச் சோதனை ஒன்று உண்டு. வீடியோவை யாருக்கும் காட்டாமல், ஒலியை மட்டும் பக்கத்து அறைக்குக் கேட்கும்படி ஓடவிடுங்கள். தரகர் வங்கிக்குப் போன பகுதியை நான் இப்படித் திண்ணையில் ஓடவிட்டுக்கொண்டிருந்தபோது, அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வந்தது:

"ஏங் கண்ணு, யாரோ ரெண்டு பேரு வந்திருக்காங்களாட்ட இருக்குது. காப்பித்தண்ணி வெக்கட்டுமா?"